சீலிங் ஃபேனை நிறுத்திய அறையில் ஒரு கணினி: கிருஷ்ணகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி நகரில் பெங்களூரு சாலைக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. மாடிப் போர்ஷன், மேலே வெறும் மொட்டை மாடி. அங்கே ஒரு சின்ன அறையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒலிப்பாடம் பதிவு செய்கிறார். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பள்ளிப் பாடநூல்களை வாசிக்கிறார்; டி.என்.பி.எஸ்.சி. எழுதுபவர்களுக்காகப் பொதுத்தமிழையும் வாசிக்கிறார். யூ.எஸ்.பி. மைக் ஒன்று, பழைய மேசை ஒன்று, அதன் மேல் டெஸ்க்டாப் கணினி. இவ்வளவுதான் ஸ்டூடியோ.

கணினி மூன்று வருடம் பழையது. ஐ5-10400 பிராசசர், அதன் டப்பாவிலேயே வந்த கூலர் (சூட்டை இறக்கும் உலோகக் கட்டியும் ஃபேனும்), 7200 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க். கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கேபினட் மட்டும் கேமிங் வகை: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் லைட்டோடு மூன்று 120 மி.மீ. ஃபேன்கள். லைட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, அன்று கடையில் இருந்தது அதுதான் என்றார், ஓசூரில் வேலை பார்க்கும் மகன்.

கிருஷ்ணகிரியில் கணினி சர்வீஸ் பார்க்கும் என்னிடம் மார்ச் மாதம் இது வந்தது. "நான் ஒரு வரி முடிச்சு மூச்சு வாங்குறதுக்குள்ள அது ஒரு பெருமூச்சு விடுது தம்பி. நல்ல சைலன்ட் ஃபேனா நாலு வாங்கிப் போட்டுருங்க" என்றார் ஆசிரியை. கேபினட்டில் லைட் எரியும் ஃபேன்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது மகனின் எண்ணம். எதையும் வாங்கும் முன் ஒரு முறை பதிவு செய்யும் நேரத்தில் வந்து கேட்கிறேன் என்று சொன்னேன்.

அறையில் கண்டவை

போய்ப் பார்த்ததில் முதலில் பட்டது கணினி அல்ல, அறை. நெடுஞ்சாலையின் லாரி ஹாரன் உள்ளே வராமல் இருக்க ஜன்னல் மூடியிருக்கும். மைக்கில் காற்று அடிக்கும் என்பதால் சீலிங் ஃபேனும் நிற்கும். மொட்டை மாடிச் சூடு அப்படியே கீழே இறங்கும். பதிவு தொடங்கி அரை மணி நேரத்தில் சுவர் தெர்மாமீட்டர் 35 டிகிரியைத் தாண்டியது. எந்த நேரத்தில் அமைதி வேண்டுமோ, அதே நேரத்தில்தான் இந்த அறை அதிகம் சூடாகிறது. அதற்கேற்ப கணினியின் ஃபேன்களும் வேகமெடுக்கின்றன. ஏ.சி. அறையில் எடுத்த ஃபேன் சோதனை முடிவுகளை இங்கே நேராகப் பொருத்திப் பார்க்க முடியாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய ஆசிரியையின் மைக்கையே பயன்படுத்தினோம். மைக்கின் இடத்தையும் கெயின் அளவையும் மாற்றாமல், யாரும் பேசாமல் அரை நிமிடம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு. பிறகு கணினியை அணைத்து ஒரு ஃபேனின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் அரை நிமிடம். பிராசசர் ஃபேனைக் கழற்றிய பதிவை மட்டும் சட்டென்று முடித்து உடனே அணைத்துவிட்டோம். மொபைலில் இருக்கும் டெசிபல் மீட்டர் செயலிகளை நான் இதற்கு நம்புவதில்லை. போன் மைக்கின் அடிமட்ட இரைச்சலே பெரும்பாலும் நாம் அளக்க வேண்டிய சத்தத்தைவிட அதிகமாக இருக்கும்.

எல்லா ஃபேனும் ஓடும்போது, பேச்சில்லாத இடத்தின் அளவு மைனஸ் 46க்கும் மைனஸ் 52 டெசிபலுக்கும் இடையே ஏறி இறங்கியது. இந்த அளவுகோலில் பூஜ்யம்தான் உச்சம். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக அமைதி. ஏறி இறங்கியது முழுக்கப் பிராசசர் ஃபேனின் வேலை. சில நொடிகளில் 1200லிருந்து 2700 ஆர்.பி.எம். வரை போய்த் திரும்பியது. முன்பக்க ஃபேன்கள் மூன்றும் மோலெக்ஸ் என்ற மின் இணைப்பில் நேராக எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்சாரப் பெட்டியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொண்டிருந்தன. மதர்போர்டுக்கு அவை இருப்பதே தெரியாது. எப்போதும் முழு வேகம்தான். அவற்றில் ஒன்றின் பேரிங் தேய்ந்து "டிக் டிக்" என்றது.

இந்த நான்கு ஃபேனையும் நிறுத்திய பிறகும் ஒரு மெல்லிய "ம்ம்" மிச்சமிருந்தது. மேசையில் உள்ளங்கையை வைத்ததும் தெரிந்துவிட்டது: ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு கேபினட் தகடு, மேசைப் பலகை, மைக் ஸ்டாண்டு என்று ஏறி நேராக மைக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சோதித்தோம். முன் கண்ணாடியின் ஓரத்தில் காற்று நுழைவதற்கென்று இருந்த ஒல்லியான இடுக்கில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடித்தோம். அது அசையக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றியதும் உள்ளே இழுபட்டது. மூன்று ஃபேன்கள் மூன்று வருடமாகச் சத்தம் போட்டு உள்ளே கொண்டுவந்த காற்று மிகக் குறைவு. கண்ணாடி முகப்பு வைத்த கேபினட்டுகள் ஷோரூமில் நன்றாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அவற்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

செலவில்லாதவை முதலில்

அன்றே கணினி மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது, மைக்குக்குப் பின்புறம் வருமாறு. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் அது. அதன் முதுகுப் பக்கத்தில் இருக்கும் ஒலியை அது மிகக் குறைவாகவே எடுக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். நாலு சுவர் எதிரொலிக்கும் அறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் பலன் உண்டு. கணினியை அடுத்த அறையில் வைத்துச் சுவரில் துளைபோட்டு ஒயர் எடுக்கலாமா என்று மகன் கேட்டார். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

தூசி அடைந்திருந்த கூலரைக் கழற்றியபோது சூட்டுக்கான காரணம் ஒன்று கையிலேயே கிடைத்தது. கூலரை மதர்போர்டில் பிடித்துவைக்கும் நான்கு பிளாஸ்டிக் புஷ்பின்களில் ஒன்று பூட்டாமலே இருந்தது. அந்த மூலையில், பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் அழுந்தவே இல்லை. பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, நான்கையும் பூட்டினேன். அதே வேலைக்கு வெப்பம் பத்து டிகிரிக்கும் மேல் இறங்கியது. இதற்கு ஆன செலவு பேஸ்ட்டின் விலை மட்டும்.

மீதி வேலை பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில். ஐ5-10400க்கு இன்டெல் குறித்திருக்கும் நீடித்த மின் அளவு 65 வாட். ஆனால் திடீர் வேலை வந்தால் 28 நொடி வரை 134 வாட் எடுக்கலாம். பின்னணியில் ஆன்டிவைரஸ் கண் விழித்தாலோ பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தாலோ பிராசசர் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளும். சின்ன அலுமினியக் கூலர், சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இடமில்லை. வெப்பம் ஒரே தாவலில் இருபது டிகிரி ஏறும், ஃபேன் அதைத் துரத்தும், வேலை முடிந்ததும் இறங்கும். ஆசிரியை சொன்ன பெருமூச்சு இதுதான். உச்ச அளவையும் 65 வாட்டுக்கே கட்டினேன். ஒலிப்பதிவுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் வேகக் குறைவு எதுவும் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு பிராசசர் ஃபேனின் உச்சம் 2000 ஆர்.பி.எம். அளவுக்கு இறங்கியது. பெருமூச்சு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வெயில் இன்னும் ஏற வேண்டியிருந்தது. அப்போதுதான் ஃபேன் வாங்குவது என்று முடிவானது.

ஃபேன் தேர்வில் எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி: எவ்வளவு மெதுவான சத்தம் வேண்டும்? இந்த இடத்தில் நாங்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கும் வசதி, பேச்சில்லாத பகுதியிலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்து, பதிவு முழுவதிலும் அதைக் கழிக்கிறது. ஒரே சீராக ஓடும் ஃபேனின் ஒலியை அது நன்றாகவே எடுத்துவிடும். ஏறி இறங்கும் ஒலி அந்த மாதிரிக்குப் பொருந்தாது. கழித்த பிறகு குரலோடு தண்ணீருக்குள் பேசுவது போன்ற ஓர் ஒட்டு மிஞ்சும். ஆகவே எங்கள் தேவை ஆகக் குறைந்த சத்தம் அல்ல, பதிவு முடியும்வரை மாறாத சத்தம். கடையில் "சைலன்ட்" என்று விற்பது பெரும்பாலும் வேலை இல்லாத நேரத்தில் அமைதியாக இருப்பதைத்தான். இங்கே மே மாத மதியத்தில், சீலிங் ஃபேன் இல்லாமல், ஒரே வேகத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும்.

டப்பாவில் அச்சிட்ட டெசிபல் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளக்கிறது. அந்த எண் முன்னும் பின்னும் எதுவும் மறைக்காத நிலையில், குறிப்பிட்ட வேகத்தில் எடுத்தது. அதே ஃபேனை ஓட்டைத் தகட்டுக்கும் தூசி வலைக்கும் பின்னால் வைத்தால் காற்று கலங்கி வேறு ஒலி வரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் உதவலாம், அதற்கு மேல் இல்லை.

நாங்கள் பிடித்துக்கொண்டது ஃபேன்களின் பொது விதியை. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், தள்ளும் அழுத்தம் கால் பங்காகும், சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் விழும். காதுக்கு 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானது போல் படும். "ரெண்டு ஃபேன் போட்டா சத்தமும் ரெண்டு மடங்கு ஆகாதாண்ணா?" என்று மகன் கேட்டார். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய அதே காற்று, சத்தம் 12 டெசிபல் அளவுக்குக் கம்மி. கணக்கு இப்படிச் சொன்னாலும் அழுத்தம் கால் பங்காகிவிடுவதை மறக்கக் கூடாது. மெதுவாக ஓடும் ஃபேனுக்கு முன்னால் கண்ணாடி இருந்தால் அதனால் காற்றை இழுக்கவே முடியாது. எனவே கண்ணாடியை எடுப்பதும் ஃபேன் மாற்றுவதும் ஒரே முடிவு. ஒன்றைச் செய்து மற்றதை விடுவதில் பொருளில்லை.

முன்பக்கத்துக்கு இரண்டு 140 மி.மீ. ஃபேன் என்று முடிவு செய்தோம். கேபினட்டில் மூன்று 120க்குப் பதில் இரண்டு 140 மாட்டத் துளை இருந்தது. பெரிய இறக்கை குறைந்த வேகத்திலேயே அதே காற்றைத் தரும். அதன் ஒலியும் கீச்சென்று இல்லாமல் தாழ்வாக இருக்கும். பேரிங் ஃப்ளூயிட் டைனமிக் வகை, எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்வது. சாதா ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதிதான், ஆனால் சூட்டில் எண்ணெய் வற்றிப்போகும். அந்த "டிக் டிக்" ஃபேனுக்கு நேர்ந்தது அதுதான். பால் பேரிங் நீண்ட காலம் உழைக்கும். மைக் பக்கத்தில் அதன் மெல்லிய உறுமல் கேட்கும்.

மின்துடிப்பால் வேகத்தைக் கட்டுப்படுத்தும், நான்கு பின் கொண்ட பி.டபிள்யூ.எம். வகையாகவே வாங்கினோம். அதன் கட்டுப்பாட்டுத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலே. வேகத்தைச் சரியாக ஓர் எண்ணில் நிறுத்திவைக்கவும் முடியும். இருக்கிற மோலெக்ஸ் ஃபேன்களையே 12 வோல்ட் ஒயருக்கும் 5 வோல்ட் ஒயருக்கும் நடுவே இணைத்து 7 வோல்ட்டில் ஓட்டலாம் என்று மகன் எங்கோ படித்திருந்தார். அது ஓடும். ஆனால் 5 வோல்ட் வழி மின்சாரம் தருவதற்கானது, திரும்ப வாங்குவதற்கானது அல்ல. ஆசிரியை தனியாக இருக்கும் வீட்டில் அந்த வித்தை வேண்டாம் என்றேன்.

பிராசசருக்கு 120 மி.மீ. ஃபேன் கொண்ட டவர் கூலர், அதாவது கோபுரம் போல் உயர்ந்த உலோகத் தகடுகளில் ஃபேன் மாட்டிய வகை. லிக்விட் கூலரும் பேச்சில் வந்தது. 65 வாட்டுக்கு அது தேவையில்லை. அதோடு ஓயாமல் ஓடும் பம்ப் ஒன்று கூடுதல் ஒலி மூலமாகச் சேரும். ஃபேனே இல்லாத கூலர் இந்த அறையில் பேச்சுக்கே இடமில்லை. நாக்டுவா நிறுவனத்தின் 120 மி.மீ. என்.எஃப்-ஏ12எக்ஸ்25 பற்றி மகன் ஆர்வமாக இருந்தார். இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டுச் செய்த நேர்த்தியான ஃபேன் அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு ஃபேனின் விலையில் நடுத்தர டவர் கூலர் ஒன்று முழுதாக வந்துவிடும். 800, 900 ஆர்.பி.எம்.மிலேயே ஓட்டப்போகிறோம் என்னும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த மைக்கில் பிடிபடாது என்று கணித்தேன். பணம் கூலரின் உலோகத்துக்குப் போனது.

வாங்கும் முன் மதர்போர்டு தளத்திலிருந்து கேபினட்டின் பக்கக் கதவு வரை அளந்துகொண்டோம். டவர் கூலர்கள் 150 முதல் 160 மி.மீ. உயரம் வரும், கதவு மூடாமல் திரும்பக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகன் பெங்களூரு போன ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்தார்.

பொருத்தியதும் அமைத்ததும்

கண்ணாடி இருந்த இடத்தில் அலுமினியச் சட்டமடித்து நைலான் வலை வைத்தோம். கொசுவலைக் கதவு செய்பவரே செய்துகொடுத்தார். மதர்போர்டில் கேபினட் ஃபேனுக்கு ஒரே ஒரு இணைப்புதான் இருந்ததால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர் போட்டோம். அத்தகைய இணைப்புகள் வழக்கமாக 1 ஆம்பியர் தாங்கும். இந்த இரண்டும் சேர்ந்து அதில் பாதிகூட எடுக்கவில்லை.

பயாஸில், எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்று சொல்லும் ஃபேன் வளைவை ஏறக்குறைய தட்டையாக்கினேன். பிராசசர் ஃபேன் 75 டிகிரி வரை 850 ஆர்.பி.எம்.மில் நிற்கும், அதற்கு மேல் சரசரவென்று ஏறி 90ல் முழு வேகம். இந்தப் பிராசசரின் எல்லை 100 டிகிரி என்பதால் இது பாதுகாப்பான இடைவெளி. முன் ஃபேன்கள் 700ல் நிலையாக. மாற்றம் நடக்கும் முன் சில நொடி பொறுக்கும் அமைப்பையும் முடுக்கிவிட்டேன்.

ஒரு சின்னத் தொல்லை வந்தது. முன் ஃபேன் ஒன்றை 1050 அருகே கொண்டுபோனால் கேபினட் தகடு ஒத்ததிர்ந்து ரீங்கரித்தது. ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் பின் போட்டதும் பெருமளவு அடங்கியது. 700ல் நிலையாக நிற்பதால் அந்த வேகத்துக்கு அவை போகப்போவதும் இல்லை.

மே மாதத்தில் நடந்தது

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் மீண்டும் போனேன். ஜன்னல் மூடி, சீலிங் ஃபேன் நிறுத்தி, அறை 37 டிகிரி. ஆசிரியை வாசித்து முடித்த பதிவை எம்.பி.3 ஆக்கும் வேலையையும் கூடவே ஓடவிட்டோம். பிராசசர் 71 டிகிரியில் நின்றது. ஃபேன் 850லேயே இருந்தது. பேச்சில்லாத இடத்தின் அளவு மைனஸ் 59 அளவில், ஏறாமல் இறங்காமல். இரைச்சல் நீக்கியைக் குறைந்த அளவில் வைத்தாலே போதுமானதாக இருந்தது. குரலில் அந்தத் தண்ணீர் ஒட்டு இல்லை.

ஃபேன்கள் அடங்கியதும், அதுவரை அவற்றின் அடியில் மறைந்திருந்த மற்றவை வெளியே வந்தன. ஹார்ட் டிஸ்க்கின் 120 ஹெர்ட்ஸ் இப்போது தனியாகக் கேட்டது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. மாற்றி, பழைய டிஸ்க்கை வெளிப் பெட்டியில் போட்டு நகல் வைக்க மட்டும் கொடுத்தோம். கரண்ட் போனால் கூடத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் உறுமும். அதற்கு நான் செய்ய ஒன்றுமில்லை. கரண்ட் போனால் பதிவை நிறுத்துவது என்று ஆசிரியையே முடிவு செய்துகொண்டார். மாம்பழ சீசன் தொடங்கி, கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் இரவிலும் ஓடியதால் அவர் பதிவு நேரத்தையும் விடியற்காலைக்கு மாற்றினார். வெளிச்சத்தம் குறைந்தது, அறையும் குளிர்ந்தது.

இவற்றில் பெரிய தொல்லையாக இருந்தது தூசி. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் அதிகம். கல்மாவு காற்றோடு வரும். நைலான் வலை முடியையும் பஞ்சையும் பிடிக்கும், கல்மாவைப் பிடிக்காது. அது கூலர் தகடுகளுக்கிடையே வெள்ளையாகப் படிந்து, ஜூன் இறுதியில் அதே வேலைக்கு ஆறு டிகிரி கூடக் காட்டியது. சிறிய கண்ணுள்ள வலை போட்டால் கல்மாவு நிற்கும், காற்றும் நின்றுவிடும். அதனால் வலையை மாற்றாமல், மாதம் ஒருமுறை ப்ளோயர் அடிப்பது என்று வைத்துக்கொண்டோம். அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ளோயர் காற்றில் ஃபேன் அதன் வேகத்துக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும், சுழலும் மோட்டார் மின்சாரத்தையும் மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடும்.

அடுத்த முறை மாறுபவை

இதே தேவையோடு இன்னொருவர் வந்தால், கணினி வாங்கும் கட்டத்திலேயே வலை முகப்பு கொண்ட கேபினட்டும் எஸ்.எஸ்.டி.யும் கேட்கச் சொல்வேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டமடிக்கும் செலவு மிச்சம். ஒலி சோதனையை மார்ச்சில் அல்ல, அறை உச்சச் சூட்டில் இருக்கும் மதியத்தில் எடுப்பேன். ஹீட்டர் வைத்து அறையைச் சூடாக்கியும் சோதிக்கலாம். புஷ்பின்னையும் பேஸ்ட்டையும் பார்க்காமல் எந்த ஃபேனுக்கும் விலை கேட்கப் போவதில்லை. சரியாகப் பதியாத கூலரின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஃபேனை மாட்டினாலும் அது வேகமாகத்தான் ஓடும்.

இந்தக் கணினியில் இப்போது அதிகம் கேட்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபேன். அதைத் திறந்து மாற்றித்தர முடியுமா என்று மகன் கேட்டார். மறுத்துவிட்டேன். உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்கள் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும், வாரண்டியும் போகும். வாரண்டி முடிந்ததும், குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்திக்கொள்ளும் வகை ஒன்றை வாங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம்.